ஆயில் கறுத்தால் மாற்ற வேண்டுமா? டீசல் என்ஜினுக்கு மணிக்கணக்கே அளவு

டீசல் என்ஜினில் புது ஆயிலை ஊற்றி ஓரிரு நாள் ஓட்டிய பிறகு அளவுக் குச்சியை உருவிப் பார்த்தால், தேன் நிறத்தில் ஊற்றிய ஆயில் மை போலக் கறுத்திருக்கும். இதைப் பார்க்கும் விவசாயிகள் பெரும்பாலும் இரண்டு விதமான முடிவுக்கு வருகிறார்கள். சிலர், கடைக்காரர் கலப்பட ஆயிலைக் கொடுத்துவிட்டார் என்று எண்ணி உடனே வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றுகிறார்கள். வேறு சிலர், எப்படியும் கறுக்கத்தானே போகிறது என்று விட்டுவிட்டு, குறையும்போது மேலுக்கு ஊற்றிக்கொண்டே ஆண்டுக்கணக்கில் ஓட்டுகிறார்கள். முன்னவருக்கு ஆயில் செலவு இரட்டிப்பாகிறது. பின்னவருக்கு ஒரு நாள் நடவு வேலையின் நடுவில் என்ஜின் இறுகி நின்றுவிடுகிறது. அதன் பிறகு ரீபோர் செய்வது, கிராங்க்கை அரைப்பது, பேரிங் மாற்றுவது என்று ஆகும் செலவில் பல ஆண்டுகளுக்கு ஆயில் வாங்கியிருக்கலாம்.

திருவள்ளூர் மாவட்டத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பருவங்களில் நெல் பயிராகிறது. உழவுக்கு டிராக்டரும் பவர் டில்லரும், மின் இணைப்பு இல்லாத இடங்களில் நீர் இறைக்க ஆயில் என்ஜினும், காய்கறியைச் சந்தைக்குக் கொண்டு செல்ல டீசல் வேனும் ஓடுகின்றன. பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டை வட்டங்களில் பழைய டீசல் கார் அல்லது ஜீப்பை வாங்கி வைத்திருக்கும் விவசாயிகளும் உண்டு. இவை எல்லாவற்றிலும் அடிப்படை ஒன்றே. ஆயிலை எப்போது, எப்படி மாற்றுவது என்பதை ஒரு முறை தெளிவாகத் தெரிந்துகொண்டால் எல்லா என்ஜினுக்கும் அது பயன்படும்.

ஆயில் செய்யும் வேலை

என்ஜினுக்குள் இரும்பும் இரும்பும் உரசாமல் இடையில் மெல்லிய படலமாக நிற்பது ஆயிலின் முதல் வேலை. பிஸ்டன், பேரிங் ஆகியவற்றின் சூட்டை வாங்கிக்கொள்வது இரண்டாவது. பிஸ்டன் வளையத்துக்கும் சிலிண்டருக்கும் இடையே உள்ள சந்தை அடைத்து, அழுத்தம் கீழே கசியாமல் காப்பது மூன்றாவது. எரியும்போது உண்டாகும் அமிலத்தை முறித்து உட்பாகங்கள் துருப்பிடிக்காமல் தடுப்பது நான்காவது. உள்ளே சேரும் அழுக்கைத் தன்னுள் தாங்கி வைத்துக்கொள்வது ஐந்தாவது.

இந்த ஐந்தாவது வேலையால்தான் ஆயில் கறுக்கிறது. டீசல் எரியும்போது மிக நுண்ணிய கரித்துகள் உண்டாகும். அதில் ஒரு பங்கு பிஸ்டன் வளையத்தைத் தாண்டி ஆயில் தொட்டிக்குள் இறங்குகிறது. டீசல் என்ஜினுக்கென்று தயாரிக்கப்படும் ஆயிலில், கரித்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் பிரித்து மிதக்க வைக்கும் மருந்துப் பொருள்கள் சேர்க்கப்பட்டிருக்கின்றன. ஆகவே ஆயில் கறுத்திருக்கிறது என்றால், அது அழுக்கைத் தாங்கித் தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். பல மணி நேரம் ஓடிய பிறகும் டீசல் என்ஜின் ஆயில் கறுக்காமல் இருந்தால், கரி உட்பாகங்களிலேயே படிகிறதோ என்றுதான் ஐயப்பட வேண்டும்.

ஆயில் எதனால் கெடுகிறது?

ஆயிலில் சேர்த்த மருந்துப் பொருள்கள் என்றைக்கும் நிற்பவை அல்ல. உழைக்க உழைக்கத் தீர்ந்துபோகும். பிறகு கரித்துகள்கள் ஒன்று சேர்ந்து கசடாகிப் பில்டரையும் ஆயில் செல்லும் துவாரங்களையும் அடைக்கும். ஆயில் கெடுவதற்கு வேறு மூன்று காரணங்களும் உள்ளன. அவை இப்பகுதிக்கு மிகவும் பொருந்துவன.

முதலாவது தூசி. ஏரியில் சவுடு மண் எடுத்துச் செல்லும் டிராக்டர், செங்கல் சூளைக்கு ஓடும் டிராக்டர், கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றிக் கனரக லாரிகள் புழுதி கிளப்பும் சாலையில் ஓடும் வேன், அறுவடைக் களத்தில் வைக்கோல் தூசியில் நிற்கும் என்ஜின் ஆகியவை நிறைய மண் தூசியை உள்ளிழுக்கின்றன. மண்ணில் உள்ள மணல் துகள் இரும்பைத் தேய்க்கும் உப்புக் காகிதம் போன்றது. மிகுந்த தேய்மானத்தைத் தரும் துகள், தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்கு அளவே இருக்கும். ஆயிலை விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்து ‘நரநரப்பு இல்லை, நன்றாக இருக்கிறது’ என்று முடிவு செய்வது இதனால்தான் பயனற்றது.

இரண்டாவது நீர். பம்ப்செட் என்ஜினில் கிணற்று நீரின் ஒரு பகுதியைச் சிறு குழாய் வழியே சிலிண்டரைச் சுற்றிச் செலுத்திக் குளிர்விப்பது வழக்கம். இந்தக் குழாயை முழுவதும் திறந்துவிட்டால் என்ஜின் எந்நேரமும் குளிர்ந்தே இருக்கும். குளிர்ந்த என்ஜினில் டீசல் சரியாக எரியாது. எரியாத டீசலும், எரிந்த புகையில் உள்ள நீராவி குளிர்ந்து உண்டாகும் நீரும் ஆயிலில் இறங்கும். ஆகவே வெளியேறும் நீர் நல்ல வெந்நீராக, ஆனால் கொதிக்காமல் வரும்படி குழாய்த் திறப்பைக் குறைத்து வைக்க வேண்டும். இதனால் டீசலும் மிச்சமாகும்.

மீஞ்சூர், பொன்னேரிப் பகுதிகளில் நிலத்தடி நீரில் கடல்நீர் ஊடுருவியிருப்பது 1960களின் பிற்பகுதியிலிருந்தே அறியப்பட்ட செய்தி. உப்பு நீரை என்ஜினுக்குள் செலுத்தினால் நீர் ஓடும் பகுதி துருப்பிடித்து அரிக்கப்படும். நாளடைவில் அந்த நீர் ஆயில் தொட்டிக்குள் கசியவும் கூடும். உப்பு நீர்க் கிணறு உள்ளவர்கள், ஒரு பீப்பாயில் நல்ல நீரை நிரப்பி அதே நீர் என்ஜினுக்கும் பீப்பாய்க்குமாகச் சுழன்று வரும்படி அமைத்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது அமிலம். முற்காலத்தில் டீசலில் கந்தகம் அதிகம் இருந்தது. 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் விற்கப்படும் டீசலில் பத்து லட்சம் பங்குக்குப் பத்துப் பங்குக்கு மேல் கந்தகம் இருக்கக்கூடாது என்பது விதி. ஆகவே கந்தக அமிலத்தால் வரும் கேடு இப்போது வெகுவாகக் குறைந்துள்ளது. ஆனால் ஆயில் காற்றுடன் கலந்து சூட்டில் புளிப்பதாலும் அமிலம் உண்டாகிறது. நீர் சேர்ந்தால் இது விரைவுபடும். இதனால்தான் குறைவாக ஓடிய என்ஜினுக்கும் ஆண்டுக்கு ஒரு முறையாவது ஆயில் மாற்ற வேண்டும் என்கிறோம்.

எப்போது மாற்றுவது?

கணக்கு வைத்து மாற்றுவதே சரியான முறை. எத்தனை மணிக்கு ஒரு முறை என்பது என்ஜினுடன் தரும் கையேட்டில் எழுதப்பட்டிருக்கும். அதுவே முதல் விதி. பொதுவாகக் கூறுமிடத்து:

1. புது என்ஜினுக்கும், ரீபோர் செய்த என்ஜினுக்கும் முதல் ஆயிலைச் சுமார் 50 மணி ஓட்டத்தில் மாற்றிவிட வேண்டும். புதுப் பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்தும்போது உதிரும் இரும்புப் பொடி இந்த ஆயிலில்தான் சேரும்.

2. டிராக்டர்களில் பல தயாரிப்புகளுக்கு 250 மணி என்று கூறப்படுகிறது. உயர்தர ஆயில் பயன்படுத்தும் சில புதிய டிராக்டர்களுக்கு இதைவிட நீண்ட இடைவெளியும் அனுமதிக்கப்படுகிறது.

3. சிறிய பம்ப்செட் என்ஜின்களுக்கும் பவர் டில்லருக்கும் தயாரிப்பைப் பொறுத்து 100 மணி முதல் 250 மணி வரை வேறுபடும். கையேடு தொலைந்துபோன பழைய என்ஜினுக்கு 100 மணி என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பானது.

4. கார், வேன்களுக்குக் கிலோமீட்டர் கணக்கும் மாதக் கணக்கும் சேர்த்துக் கூறப்பட்டிருக்கும். எது முதலில் வருகிறதோ அதை எடுத்துக்கொள்ள வேண்டும். தேசிய நெடுஞ்சாலையில் சென்னைக்கு ஒரே ஓட்டமாகச் சென்று வரும் வண்டியைவிட, ஊருக்குள்ளேயே இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓடி ஓடி நிற்கும் வண்டியில் ஆயில் விரைவில் கெடும். என்ஜின் முழுச் சூட்டை அடைவதற்கு முன்பே நிறுத்தப்படுவதால் நீரும் டீசலும் ஆவியாகிப் போக வழியில்லை.

5. சவுடு மண், சூளை, அறுவடைத் தூசியில் ஓடும் என்ஜினுக்குக் கையேட்டில் கடின உழைப்புக்கென்று தனி இடைவெளி கொடுத்திருந்தால் அதையே கடைப்பிடிக்க வேண்டும். அதோடு ஏர் கிளீனரைக் கவனிப்பது மிக முக்கியம். அடியில் ஆயில் கிண்ணம் உள்ள ஏர் கிளீனரானால், தூசி மிகுந்த நாள்களில் தினமும் திறந்து பார்த்து, கிண்ணத்தில் சேறு படிந்திருந்தால் கழுவிப் புது ஆயில் ஊற்ற வேண்டும். ஏர் கிளீனரைக் கவனிக்காமல் அடிக்கடி ஆயில் மட்டும் மாற்றுவது, வரப்பில் உடைப்பை அடைக்காமல் வயலுக்கு நீர் பாய்ச்சுவதற்கு ஒப்பாகும்.

மணிக்கணக்குத் தெரியாவிட்டால்

மீட்டர் ஓடாத டிராக்டருக்கும், மீட்டரே இல்லாத ஆயில் என்ஜினுக்கும் எளிய வழி ஒன்று உண்டு. எத்தனை லிட்டர் டீசல் ஊற்றினோம் என்பதை ஒரு நோட்டில் எழுதி வர வேண்டும். 5 குதிரைத் திறன் உள்ள என்ஜின் முழுப் பளுவில் மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் டீசல் குடிக்கும். ஆகவே 100 லிட்டர் டீசல் தீர்ந்தால் சுமார் 100 மணி ஓடியதாகக் கணக்கிட்டு ஆயிலை மாற்றலாம். பளு குறைவாக இருந்து மணிக்கு முக்கால் லிட்டரே ஆகுமானால் 75 லிட்டருக்கு 100 மணி ஆகிவிடும். டிராக்டருக்கு வேலையைப் பொறுத்து டீசல் செலவு மாறுவதால், தொட்டியை நிரப்பி உழவில் ஒரு முறை, டிரெய்லர் இழுப்பில் ஒரு முறை என்று மணிக்கு எவ்வளவு ஆகிறது எனத் தாமே அளந்து குறித்துக்கொள்வது நல்லது. கரியும் அமிலமும் எரிந்த டீசலிலிருந்தே வருவதால் இந்த லிட்டர் கணக்கு நியாயமான கணக்கே.

கணக்குக்கு முன்பே மாற்ற வேண்டிய அறிகுறிகள்

தினமும் காலையில் என்ஜினை இயக்குவதற்கு முன், சமதளத்தில் வைத்து அளவுக் குச்சியைத் துடைத்துச் செருகி எடுத்துப் பார்க்க வேண்டும். ஆயில் மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் இடையில் இருக்க வேண்டும்.

சிலர், ‘எங்கள் என்ஜின் ஆயிலே குடிப்பதில்லை, ஊற்றியதைவிட ஏறித்தான் இருக்கிறது’ என்று பெருமையாகச் சொல்வதுண்டு. இதுவே பெரிய அபாய அறிகுறியாகும். ஆயில் தானாகப் பெருகாது. நாசில் அல்லது டீசல் பம்ப்பிலிருந்து டீசல் கசிகிறது, அல்லது குளிர்விக்கும் நீர் உள்ளே இறங்குகிறது என்று பொருள். டீசல் கலந்த ஆயில் நீர்த்துப்போய்ப் பேரிங்கைக் காக்காது. மட்டம் மிகவும் ஏறினால் என்ஜின் அந்த ஆயிலையே இழுத்து எரித்துக்கொண்டு, கட்டுக்கடங்காமல் வேகமெடுக்கவும் கூடும். ஆகவே உடனே நிறுத்தி, பழுதைச் சரிசெய்த பிறகே புது ஆயில் ஊற்ற வேண்டும்.

ஆயில் பால் கலந்த காப்பி போல வெளுத்திருந்தால் நீர் கலந்திருக்கிறது. ஐயம் இருந்தால் ஒரு பழைய கரண்டியை நன்றாகச் சூடாக்கி, அடுப்பிலிருந்து தள்ளி வைத்து, இரண்டு சொட்டு ஆயிலை அதில் விட்டுப் பார்க்கலாம். தாளிப்பது போலப் படபடவென்று பொரிந்தால் நீர் உண்டு. முகத்தை அருகில் கொண்டு செல்லக்கூடாது. குழந்தைகளைத் தள்ளி நிறுத்த வேண்டும்.

இன்னொரு சோதனையும் வீட்டிலேயே செய்யலாம். என்ஜினை ஓட்டி நிறுத்திய உடன் அளவுக் குச்சியிலிருந்து ஒரு சொட்டை, டம்ளர் வாய் மீது வைத்த வடிதாள் அல்லது மை ஒற்றும் தாளில் விட்டு, சில மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டும். கறை நடுவிலிருந்து வெளியே சாம்பல் நிறமாகப் படிப்படியாகப் பரவியிருந்தால் ஆயிலுக்குக் கரியைத் தாங்கும் சக்தி இன்னும் இருக்கிறது. நடுவில் திட்டாகக் கரி நின்று, அதன் விளிம்பு கோடு போட்டது போலத் தெரிந்து, சுற்றிலும் வெளிறிய ஆயில் மட்டும் பரவியிருந்தால் அந்தச் சக்தி தீர்ந்துவிட்டது. கணக்கு வராவிட்டாலும் மாற்றிவிட வேண்டும். இச்சோதனை நன்றாக வந்தது என்பதற்காகக் கணக்கைத் தாண்டி ஓட்டக்கூடாது. மணல் தூசி எவ்வளவு சேர்ந்துள்ளது என்பதை இத்தாள் காட்டாது.

எந்த ஆயில் வாங்குவது?

டப்பாவின் மேல் இரண்டு குறியீடுகளைப் பார்க்க வேண்டும். எஸ்.ஏ.இ. என்பது கெட்டித்தன்மையைக் குறிப்பது. 15 டபிள்யூ-40 என்றால் முன்னுள்ள எண் குளிர்காலத்துக்கும், பின்னுள்ள 40 என்ஜின் சூடான நிலைக்கும் உரியது. நம் பகுதியின் வெப்பத்துக்குப் பின்னுள்ள எண்ணே முக்கியம். பழைய வேகம் குறைந்த என்ஜின்களுக்கு எஸ்.ஏ.இ. 30 அல்லது 40 என்று ஒரே எண் கூறப்பட்டிருக்கலாம்.

ஏ.பி.ஐ. என்பது தரத்தைக் குறிப்பது. பெட்ரோல் என்ஜினுக்கு ‘எஸ்’ என்ற எழுத்திலும், டீசல் என்ஜினுக்கு ‘சி’ என்ற எழுத்திலும் தொடங்கும். சி.எப்.-4, சி.எச்.-4, சி.ஐ.-4 என்று இரண்டாவது எழுத்து பின்னே செல்லச் செல்லத் தரம் உயரும். மோட்டார் சைக்கிளுக்கு வாங்கிய ஆயில் மீதமிருக்கிறது என்று டிராக்டரில் ஊற்றக்கூடாது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த டீசல் கார், வேன்களிலும், அண்மையில் வந்த பெரிய டிராக்டர்கள் சிலவற்றிலும் புகைக் குழாயில் கரி வடிகட்டி உள்ளது. அவற்றுக்குச் சாம்பல் குறைந்த ஆயிலே ஏற்றது. கையேட்டில் கூறிய தரத்தைத் தவிர வேறு ஊற்றினால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும்.

சில்லறையாக அளந்து விற்கும் ஆயிலை வாங்க வேண்டாம். பழைய ஆயிலை வடிகட்டி, நிறம் தெளிய வைத்து விற்பவர்களும் இருக்கிறார்கள். முத்திரை உடையாத டப்பாவை ரசீதுடன் வாங்குவதே நல்லது. காலியான டப்பாவை ஓட்டை போட்டு நசுக்கிவிட்டால், அதில் போலி ஆயில் அடைத்து விற்க வழியிராது.

மாற்றும் முறை

1. என்ஜினைப் பத்து நிமிடம் ஓட்டி நிறுத்த வேண்டும். வெதுவெதுப்பான ஆயிலே கசடையும் சேர்த்துக்கொண்டு இறங்கும். கொதிக்கும் நிலையில் திறந்தால் கை வெந்துவிடும்.

2. சமதளத்தில் நிறுத்தி, பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைக்க வேண்டும். காருக்கு அடியில் ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்கக்கூடாது.

3. மேலே ஆயில் ஊற்றும் மூடியைச் சுற்றித் துடைத்துத் திறந்து வைக்க வேண்டும். அடியில் அகலமான பாத்திரத்தை வைத்து அடித்திருகைக் கழற்றி, இருபது நிமிடம் முழுவதும் வடியவிட வேண்டும்.

4. கழற்றிய திருகையும் வடிந்த ஆயிலையும் பார்க்க வேண்டும். பளபளக்கும் உலோகச் செதில்கள் இருந்தால் பேரிங் தேய்கிறது. மெக்கானிக்கிடம் காட்டாமல் மேற்கொண்டு ஓட்டக்கூடாது.

5. உள்ளே மண்ணெண்ணெய் அல்லது டீசல் ஊற்றிக் கழுவும் வழக்கம் வேண்டாம். ஓரத்தில் தங்கும் மண்ணெண்ணெய் புது ஆயிலை நீர்க்கச் செய்யும்.

6. பில்டரையும் அதே நேரத்தில் மாற்ற வேண்டும். புது பில்டரின் ரப்பர் வளையத்தில் சிறிது ஆயில் தடவி, வளையம் தொட்ட பிறகு கையாலேயே முக்கால் சுற்று இறுக்கினால் போதும். பழைய ரப்பர் வளையம் என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கவில்லையா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

7. அடித்திருகுக்குப் புது வாஷர் போட்டு இறுக்கி, சுத்தமான புனல் வைத்துக் கூறிய அளவில் சற்றுக் குறைத்து ஊற்ற வேண்டும். அளவுக் குச்சியைப் பார்த்துப் பார்த்து மேல் கோடு வரை நிரப்ப வேண்டும். அதைத் தாண்டக்கூடாது.

8. மெதுவான வேகத்தில் இரண்டு நிமிடம் ஓட்டி, ஆயில் விளக்கு அணைகிறதா, எங்காவது கசிகிறதா என்று பார்த்து நிறுத்த வேண்டும். ஐந்து நிமிடம் கழித்து மட்டத்தை மீண்டும் சரிபார்க்க வேண்டும்.

9. தேதி, மீட்டர் மணி அல்லது டீசல் லிட்டர், ஆயிலின் தரம் ஆகியவற்றை நோட்டில் எழுத வேண்டும். அடுத்த மாற்றத்துக்குரிய எண்ணை என்ஜின் அருகிலேயே பெயிண்டால் எழுதி வைத்தால், வாடகைக்கு ஓட்டும் டிரைவருக்கும் தெரியும்.

பழைய ஆயிலை என்ன செய்வது?

வடித்த ஆயிலை வாய்க்காலிலோ கிணற்று மேட்டிலோ ஊற்றுவது நம் தண்ணீரை நாமே கெடுத்துக்கொள்வதாகும். ஆரணியாறு பழவேற்காடு ஏரியிலும், கொசஸ்தலையாறு எண்ணூர்க் கழிமுகத்திலும் சேர்கின்றன. வயலோரம் ஊற்றும் ஆயில் மழையில் அங்கெல்லாம் போய் மீன் பிடித்துப் பிழைப்பவர்களைப் பாதிக்கும். நெல்லில் கூண்டுப் புழுவுக்கு நீரில் சிறிது மண்ணெண்ணெய் கலந்து கயிறு இழுப்பது பரிந்துரைக்கப்பட்ட முறைதான். ஆனால் அதற்குப் பதிலாகப் பழைய என்ஜின் ஆயிலைப் பயன்படுத்தக்கூடாது. அதில் தேய்ந்த உலோகப் பொடியும், புற்றுநோய் விளைவிக்கக்கூடிய பொருள்களும் உள்ளன. மாட்டின் புண்ணிலோ மனிதர் உடலிலோ தடவுவதும் தவறு. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

பழைய ஆயில் 2016ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயக் கழிவு வகையைச் சேர்ந்தது. அதைச் சுத்திகரித்து மீண்டும் ஆயிலாக்க முடியும். மூடியுள்ள கேனில், நீரோ டீசலோ கலக்காமல் சேர்த்து வைத்து, அனுமதி பெற்ற மறுசுழற்சி நிறுவனத்துக்கு அனுப்பும் ஒர்க் ஷாப் அல்லது சர்வீஸ் நிலையத்தில் கொடுக்க வேண்டும். ஊரில் உள்ள நாலைந்து டிராக்டர்காரர்கள் ஒரே டிரம்மில் சேர்த்தால் எடுத்துச் செல்வதும் எளிதாகும்.

ஐந்து குதிரைத் திறன் என்ஜினுக்கு ஒரு முறைக்கு மூன்று நான்கு லிட்டர் ஆயிலே தேவைப்படும். நவரை நடவுக்கு முன் மார்கழியில் ஒரு முறையும், சொர்ணவாரி உழவுக்கு முன் சித்திரையில் ஒரு முறையும் நோட்டை எடுத்துக் கணக்குப் பார்த்தால், வேலை மும்முரத்தில் என்ஜின் நின்றுபோகும் நிலை பெரும்பாலும் வராது. ஐயங்களுக்கு வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தையோ, திரூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகலாம். டீசல் என்ஜின் வைத்திருக்கும் விவசாயப் பெருமக்கள் இன்றே ஒரு நோட்டைப் போட்டு, முதல் வரியில் இன்றைய தேதியையும் மீட்டர் மணியையும் எழுதி வைக்க வேண்டுகிறோம்.